கொக்கிளாய்க்கு வராத டீசல் வாகன்

முல்லைத்தீவிலிருந்து தெற்கே இறங்கும் கரையோர வீதி சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி எனக் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே போய்க் கொக்கிளாயில் முடிகிறது. அங்கே வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம். மறுகரை புல்மோட்டை, திருகோணமலை மாவட்டம். கடலும் வாவியும் வயலும் காடும் அருகருகே கிடக்கும் இந்த ஊரில் ஒரு குடும்பம் வண்டி வைத்திருந்தால், அந்த வண்டிக்குப் பல வேலைகள் இருக்கும். காய்ச்சல்காரரை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கருவாட்டுச் சாக்கையும் நெல் மூட்டையையும் சந்தைக்கு ஏற்ற வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டோடு புறப்பட வேண்டும். ஆளையும் சாமானையும் ஒரே கூரையின் கீழ் ஏற்றி, குறைந்த விலை எண்ணெயில் ஓடி, யார் கையிலும் சிரமமின்றிப் போகக்கூடிய வண்டி என்று பார்த்தால், டீசலில் ஓடும் ஓட்டோ கியர் ஸ்டேசன் வாகனைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்வது கடினம். அந்த வகை வண்டி இலங்கையில் மலிந்திருந்த காலம் 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை. அதே காலம் முழுவதும் கொக்கிளாய் மக்கள் கொக்கிளாயில் இருக்கவில்லை. ஒரு வண்டி எப்படி ஓடும் என்பதை அதன் எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. எண்ணெயின் விலை, வீதியின் நிலை, பற்றறி கிடைக்குமா என்ற கேள்வி, ஊரில் ஆள் இருக்கிறார்களா என்ற இன்னும் அடிப்படையான கேள்வி, எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். டீசல் எஞ்சினைக் குடும்பக் காருக்குள் வைக்கும் முயற்சி பழையது. பிரான்சின் பேஜோ நிறுவனம் 1950களின் முடிவில் 403 வகைக் காரில் டீசலைக் கொடுத்தது. அதன் பின் வந்த 404, 504 வாகன்கள் ஆபிரிக்காவின் செம்மண் வீதிகளில் வாடகை வண்டியாகப் பல பத்தாண்டுகள் உழைத்தன. 1973இலும் 1979இலும் உலகம் கண்ட எண்ணெய் நெருக்கடிகள்தாம் டீசல், ஓட்டோ கியர், நீண்ட பின்பகுதி என்ற மூன்றையும் ஒரே வண்டியில் சேர்த்தன. மெர்சிடிஸ் பென்ஸ் 1977இல் ஜேர்மனியில் காட்டிய வாகன் வரிசையின் டீசல் வகைகள் அமெரிக்காவுக்கு ஓட்டோ கியரோடு போயின. அமெரிக்காவிலேயே ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் தன் பெரிய வாகனில் டீசலைப் போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. பெற்றோல் எஞ்சினின் வடிவத்தை ஒட்டிச் செய்த அந்த எஞ்சின் டீசலின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. ஜப்பானியர் அந்தப் பிழையைச் செய்யவில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து ரொயோட்டாவும் நிசானும் சின்னக் கார்களுக்கென்றே டீசல் எஞ்சின்களை வடித்தன. கொரோலா வாகனிலும் 1992இல் வந்த கல்டினாவிலும் இருந்த 2 சி எஞ்சின் 1974 சி.சி.; நிசான் ஏ.டி. வாகனின் சி.டி. 17, சி.டி. 20 எஞ்சின்களும் அதே குடும்பத்துக் குணம் கொண்டவை. இலங்கைத் தமிழர் 'வாகன்' என்று சொன்னால் மனதில் வருவது இந்த ஜப்பானிய வண்டிகள்தாம்.

இவற்றின் ஓட்டம் பெற்றோல் காரின் ஓட்டத்திலிருந்து வேறுபட்டது. சாவியைத் திருப்பியவுடன் எடுக்காது. ஹீற்றர் பிளக்குகள் சூடாகும்வரை சில விநாடி பொறுக்க வேண்டும். காற்றைச் சுமார் 23 மடங்கு நெருக்கி, அந்த நெருக்கத்தின் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கும் எஞ்சின் என்பதால் குளிரில் தட்டும், அதிரும், சூடானபின் அடங்கும். ரேர்போ இல்லாத 2 சி எஞ்சினின் வலு 73 குதிரைவலு அளவில்தான். அந்த எண்ணைப் பார்த்து வண்டி நோஞ்சான் என்று முடிவுகட்டுவது தவறு. டீசலின் இழுவை தாழ்ந்த சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஓட்டோ கியரில் கிளச்சுக்குப் பதில் இருக்கும் எண்ணெய்ச் சுழலி, வண்டி நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில் எஞ்சினின் முறுக்குவிசையைப் பெருக்கிச் சில்லுக்குக் கொடுக்கிறது. ஆகவே ஏழு பேரும் இரண்டு மூட்டையும் ஏற்றிய வாகன், மணல் படிந்த ஒழுங்கையிலிருந்து குலுக்கமில்லாமல் மெல்ல ஏறிவரும். மணலில் புதைவதற்கு முதற் காரணம் சில்லு திடீரெனச் சுழல்வது. கிளச்சைச் சட்டென்று விடும் கால் அதைச் செய்யும், சுழலி செய்யாது. மறுபக்கத்தில், லொறியை முந்த முயன்றால் சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது. இறக்கத்தில் எஞ்சினின் பிடிப்பு குறைவு. நீண்ட நேரம் மணலில் அரைத்தால் கியர் எண்ணெய் கொதித்துவிடும். எஞ்சினில் தண்ணீர் குறைந்து சூடேறினால் அலுமினிய ஹெட்டில் வெடிப்பு விழும் என்பதை இந்த எஞ்சின்களைக் கழற்றிய எந்த மெக்கானிக்கும் சொல்வார். ரைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அது அறுந்து வால்வுகளை வளைத்துவிடும். பொறுமையாக ஓட்டி, தண்ணீரையும் எண்ணெயையும் பார்த்துவந்தால் நீண்டகாலம் உழைக்கும் வண்டி. அலட்சியத்தை மன்னிக்காத வண்டி.

இலங்கையில் இது பரவியதற்கு ஓட்டத்தின் சுகம் முதற் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி நெருக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் அது மேலும் இறுகியது. ஆகவே 1950களில் வந்திறங்கிய பிரித்தானியக் கார்களே நாடு முழுவதும் ஓடின. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தனாவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்தபோது, ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடித் திருத்தப்பட்டு வரும் வண்டிகள் துறைமுகத்தில் நிறைந்தன. ஜப்பானியரும் நம்மைப் போல வீதியின் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால் சுக்கானை மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த நாட்டு மக்கள் ஓட்டோ கியரை விரும்பியதால் நமக்கும் ஓட்டோ கியர் வந்தது. இதனோடு அரசின் எண்ணெய் விலைக் கொள்கையும் சேர்ந்தது. பஸ்ஸும் லொறியும் உழவு இயந்திரமும் ஓடும் எண்ணெய் என்பதால் டீசல் பெற்றோலைவிட மிகக் குறைந்த விலையில் விற்கப்பட்டது. விளக்கெரிக்கவும் மீன்பிடி எஞ்சினுக்கும் வேண்டியது என்பதால் மண்ணெண்ணெய் அதைவிடவும் மலிவு. ஏழைகளுக்காக இறக்கப்பட்ட விலையைக் கார் வைத்திருப்பவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். அரசு டீசல் கார்களுக்கு இறக்குமதி வரியைக் கூட்டி அதைத் தடுக்கப் பார்த்தது. ஆனால் ஆளுக்கும் சாமானுக்கும் பொதுவான வாகனம் என்று பதிவில் ஒரு தனி வகுப்பு இருந்தது. வாகனும் வானும் அந்த வகுப்புக்குள் போயின. தினம் அதிக தூரம் ஓடும் குடும்பத்துக்கு, வாடகைக்கு விடுபவருக்கு, வியாபாரிக்குக் கணக்கு டீசல் வாகனிலேயே வந்து நின்றது. குருநாகலிலோ நீர்கொழும்பிலோ இந்தக் கணக்கைப் போட்ட ஒருவர் வண்டியை வாங்கிவிடலாம். கொக்கிளாயிலும் அதே கணக்கைப் போடக்கூடியவர்கள் வாழ்ந்தார்கள், 1984 முடியும் வரை.

அந்த ஆண்டின் இறுதியில் நடந்ததைச் சுருக்கமாகவேனும் முழுதாகச் சொல்ல வேண்டும். நவம்பர் 30இல் உள்நாட்டுப் பக்கத்தில் இருந்த கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்களப் பொதுமக்களையும், அடுத்த நாள் கொக்கிளாய், நாயாற்றுக் கரையில் இருந்த சிங்கள மீனவக் குடும்பங்களையும் விடுதலைப் புலிகள் தாக்கிக் கொன்றனர். அதைத் தொடர்ந்து அதே டிசம்பரில் படையினர் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி உள்ளிட்ட கரையோரத் தமிழ் ஊர்களை வெளியேற்றினர். வெளியேறுவதற்குள்ளேயே பலர் கொல்லப்பட்டனர். வயலும் வள்ளமும் வலையும் அப்படியே கிடக்க, மக்கள் முல்லைத்தீவுப் பக்கம் நடந்தார்கள். அடுத்த 1985 பெப்ரவரியில் கொக்கிளாய் என்ற பெயர் செய்திகளில் வந்தது இராணுவ முகாம் ஒன்றின் மீதான தாக்குதலால். உள்நாட்டுப் பக்கத்தில் மணலாற்றுப் பகுதி 'வெலி ஓயா' என்ற சிங்களப் பெயருக்கு மாறியது. ஊருக்குத் திரும்புதல் போர் முடிந்த பின்னரே, 2011 அளவில்தான் நடந்தது. இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது. 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வீதியோரத்தைத் தோண்டியபோது மனிதப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. இந்த வீதியின் வரலாற்றை எழுதுபவர் அதைத் தாண்டிச் சென்றுவிட முடியாது. வண்டியின் கணக்குக்குத் திரும்பினால், கொரோலா டீசல் வாகன்களும் நிசான் ஏ.டி.யும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில் அவற்றை வாங்கியிருக்கக்கூடிய கொக்கிளாய்க் குடும்பம் ஏதோ ஒரு பாடசாலைக் கட்டடத்திலோ உறவினர் வளவிலோ இருந்தது.

வண்டியைச் சூழ்நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதற்கு, வன்னியின் மற்றப் பகுதிகளில் என்ன ஓடியது என்பதே சாட்சி. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் என நீண்ட பட்டியல் ஒன்று தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவுக்கு அனுமதிக்கப்பட்டது. அப்போது மூலையில் கிடந்த ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாம் வீதிக்கு வந்தன. அவை ஏன் ஓடின என்பது பொறியியல் பூர்வமான கேள்வி. 1947 முதல் 1952 வரை செய்யப்பட்ட ஒஸ்டின் ஏ40 டெவனின் எஞ்சின் 1200 சி.சி., 40 குதிரைவலு. அது எரிபொருளை ஏறத்தாழ 7 மடங்குதான் நெருக்கியது. மண்ணெண்ணெய் நெருக்கத்தைத் தாங்காமல் முன்கூட்டியே வெடிக்கும் எண்ணெய். நவீன எஞ்சினின் 9, 10 மடங்கு நெருக்கத்தில் தட்டித் தட்டிப் பிஸ்டனை உடைத்துவிடும். பழைய ஒஸ்டினின் தளர்ந்த நெருக்கம் அதைப் பொறுத்துக்கொண்டது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் காபரேற்றருக்குச் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சமையல் எண்ணெயைக் கலந்தவர்களும் உண்டு. பிரித்தானியாவில் 1949இல் வந்த பெர்குசன் உழவு இயந்திர வகை ஒன்று இதே முறைக்கென்றே வடிவமைக்கப்பட்டது: பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எண்ணெய்க்கு மாறும். அங்கே பொறியியலாளர்கள் மேசையில் போட்ட கணக்கை இங்கே கராஜ்காரர் தட்டுப்பாட்டின் நடுவே தம் கையால் கண்டுபிடித்தனர். அந்த அறிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பாராட்டு ஒரு தவறான முடிவுக்கு வழிவிட்டிருக்கிறது என்பதே என் குறை. வன்னிக்குப் பொருத்தமான வண்டி ஒஸ்டின்தான், அதைக் காலம் நிரூபித்துவிட்டது, டீசல் ஓட்டோ வாகன் இங்கே வந்திருந்தால் ஒரு மாதம் தாங்காது என்று பலர் சொல்வதுண்டு. இந்த எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஓட்டோ கியர் வண்டியைத் தள்ளி ஸ்ரார்ட் செய்ய முடியாது. கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயை அழுத்தும் பம்பு எஞ்சின் பக்கத்திலிருந்து சுழல்வது. எஞ்சின் நின்றிருந்தால் அழுத்தமில்லை, அழுத்தமில்லாமல் சில்லின் சுழற்சி எஞ்சினுக்குப் போகாது. பற்றறியே கிடைக்காத நாட்டில் தள்ளி எடுக்க முடியாத வண்டி, நின்ற இடத்திலேயே கிடக்கும். டீசல் எஞ்சினின் சுழல் பம்பு தான் அனுப்பும் எண்ணெயாலேயே தன்னை உயவிட்டுக்கொள்வது. எண்ணெய்ப்பசை குறைந்த மண்ணெண்ணெயை மட்டும் கொடுத்தால் பம்பு தேய்ந்துபோகும். ரைமிங் பெல்ட்டை உள்ளூரில் வார்க்கவோ கடையவோ முடியாது. இத்தனையும் சரி. ஆனால் இவை எல்லாம் தடையின் விளைவுகள். தடைப்பட்டியலில் பற்றறி இருந்ததால்தான் தள்ளி எடுக்கும் வசதி ஒரு பெரிய குணமாயிற்று. டீசல் இல்லாததால்தான் எதையும் குடிக்கும் எஞ்சின் வீரனாயிற்று. ஒரு வண்டி எல்லா இழப்பிலும் தாக்குப்பிடித்தது என்பதற்காக, இழப்பே இல்லாத ஊரிலும் மக்கள் அதையே தேர்ந்திருப்பார்கள் என்று வாதிடக் கூடாது. தடை இல்லாத தெற்கில் அதே ஒஸ்டின்களை மக்கள் 1980களிலேயே கைவிட்டு வாகனுக்கும் வானுக்கும் மாறினார்கள். வன்னி மக்களின் விருப்பம் வேறு விதமானது என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

தடை நீங்கியபோது நடந்தது இதை உறுதிப்படுத்துகிறது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி முழுதாகத் திறந்தது. ஓமந்தைக்கு அப்பால் விடுதலைப் புலிகள் வரி அறவிட்டார்கள். அந்த வரியையும் கட்டிக்கொண்டே தெற்கிலிருந்து ஹயஸ் வான்களும் டீசல் வாகன்களும் கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் வந்தன. புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பணமும் அவற்றில் கலந்திருந்தது. வாய்ப்புக் கிடைத்த நாலரை ஆண்டில் வன்னி, டீசலைத்தான் தேர்ந்தது. கொக்கிளாய் அந்த வாய்ப்பிலும் சேரவில்லை. அதன் கரையோரம் இராணுவத்தின் பிடியிலேயே இருந்தது. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது. பிறகு 2008 முடிவிலிருந்து 2009 மே வரை, கிளிநொச்சியிலிருந்து கிழக்கே கிழக்கே நகர்ந்த மக்களோடு அந்த வண்டிகளும் நகர்ந்தன. உழவு இயந்திரப் பெட்டிகளில் வீட்டுச் சாமானும், வான்களில் காயப்பட்டவர்களும். முள்ளிவாய்க்காலுக்கும் வட்டுவாகலுக்கும் இடையில் எரிந்தும் துளைபட்டும் கிடந்த ஆயிரக்கணக்கான வாகனங்களைப் போருக்குப் பின் போனவர்கள் பார்த்தார்கள். அவை பழைய இரும்பாகப் போய்ச் சேர்ந்தன. வன்னியின் குறுகிய டீசல் காலம் அங்கே முடிந்தது.

இதற்குள் ஜப்பானில் இந்த வண்டியின் ஆயுள் முடிந்துவிட்டது என்பது கதையின் இன்னொரு பக்கம். தோக்கியோ ஆளுநர் சின்தாரோ இசிகாரா 1999இல் டீசல் புகைக்கு எதிராக இயக்கம் தொடங்கினார்; டீசல் கரியை ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்து எடுத்துக்கொண்டுபோய்க் கூட்டங்களில் காட்டினார். 2001இல் திருத்தப்பட்ட நாட்டுச் சட்டம் பெருநகரப் பகுதிகளில் டீசல் பயணிகள் கார்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது; 2003 ஒக்ரோபரில் தோக்கியோவும் அயல் மாகாணங்களும் அளவுக்கு மீறிப் புகைக்கும் டீசல் லொறி, பஸ்களைத் தம் எல்லைக்குள் தடுத்தன. 2002இல் வந்த மூன்றாம் தலைமுறைக் கல்டினாவில் டீசல் இல்லை. 2006இல் வந்த புதிய நிசான் ஏ.டி.யிலும் இல்லை. சில ஆண்டுகளுக்குமேல் பழைய வண்டியை இறக்க இலங்கைச் சட்டம் விடாது என்பதால், அங்கே ஊற்று நின்றவுடன் இங்கே வாய்க்கால் வற்றியது. 2011 அளவில் கொக்கிளாய் மக்கள் திரும்பி, பற்றை வெட்டி, தகரக் கொட்டில் போட்டு, வயலை அளக்க முயன்ற காலத்தில் கொழும்புக் கடைகளில் இருந்தவை வரிச்சலுகை பெற்ற பெற்றோல் ஹைபிரிட்டுகளும் சின்ன இந்தியக் கார்களும். திரும்பிய ஊருக்குள் வந்தவை வேறு: மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, லான்ட் மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரம், பட்டா எனப்படும் சின்ன லொறி. குடும்பம் போக முச்சக்கர வண்டி, மூட்டை போகப் பட்டா. வாகன் ஒன்றே செய்திருக்கக்கூடிய வேலையை இரண்டு வண்டிகள் பிரித்துக்கொண்டன. அவற்றில் ஒன்று மூன்று பேருக்கு மட்டும், மற்றது இரண்டு பேருக்கு மட்டும்.

கொக்கிளாய் ஒரு மீன்பிடி ஊர், 1984 நடக்காமல் இருந்திருந்தாலும் அங்கே யார் கார் வாங்கியிருப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அங்கே இருந்தவர்கள் வள்ளத்தை மட்டும் நம்பியவர்களல்லர். வயல்காணியும் மேட்டுக்காணியும் மாடும் கொண்ட குடும்பங்கள் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் மூன்றிலும் இருந்தன. இன்றுவரை தொடரும் காணி உறுதி வழக்காடல்களே அதற்குச் சாட்சி. எல்லா வீட்டிலும் வண்டி என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு இரண்டு மூன்று டீசல் வாகன் வாடகைக்கு இருந்தாலே போதும். கிராமத்து வண்டி ஒருவருடைய சொத்தாகவும் ஊரின் தேவையாகவும் இருப்பதுதான் வழக்கம். திருத்திய வண்டி முதலில் நகரத்தவரிடம் போகும், விலை இறங்கி இரண்டாம் கைக்கு வரும், மூன்றாம் கையில் கிராமத்தை அடையும். இந்தப் படியிறக்கத்துக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு அமைதி தேவை. கொக்கிளாய்க்கு அது கொடுக்கப்படவில்லை.

வீதியைக் காட்டி மறுப்பவர்களுக்கு நான் பாதி ஒத்துக்கொள்வேன். வாகனின் வயிறு நிலத்துக்குக் கிட்ட. முன்சில்லு இழுக்கும் வண்டி, பின்னால் பாரம் கூடினால் முன்சில்லின் பிடி தளரும். மாரியில் நாயாற்று நீர் ஏறினால் எந்தக் காரும் அக்கரை போகாது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்துத் துவைத்தது. ஆனால் 1950களின் ஒஸ்டினும் பின்சில்லு இழுக்கும் சாதாரணக் கார்தானே தவிர ஜீப் அல்ல, அது இதே கிறவல் வீதிகளில் ஓடியது. கிறவலில் குழி இருந்தாலும் அடித்தளம் இறுக்கம். மெல்லப் போகிறவருக்கு வழி விடும். பிரச்சினை வீதி இயற்கையாகவே கெட்டது என்பதல்ல. கால் நூற்றாண்டு அதைப் பராமரிக்க ஆளும் தேவையும் காரணமும் இல்லாமல் போனது. நாட்டின் மற்றக் கரையோர வீதிகளுக்குத் தார் ஏறிய அந்த ஆண்டுகளில் இந்த வீதி இராணுவ வண்டிகளுக்குப் போதுமான அளவில் விடப்பட்டது. கொக்கிளாய் முகத்துவாரத்தைக் கடக்க ஒரு பாலம் என்பது நெடுங்காலப் பேச்சு. அது இருந்திருந்தால் கொக்கிளாய் ஒரு முட்டுச்சந்தாக இல்லாமல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே கிடக்கும் ஊராகியிருக்கும். வண்டி வைத்திருப்பதன் பயன் அப்போது இரட்டிப்பாகியிருக்கும்.

டீசலுக்கு இலங்கையில் இருந்த அடிப்படை நியாயமும் இப்போது போய்விட்டது. 2022 யூன் 26இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், டீசல் 460 ரூபாய். பல பத்தாண்டுகள் டீசல் காரை நியாயப்படுத்திய இடைவெளி பத்து ரூபாய்க்குச் சுருங்கியது. அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது; கொக்கிளாய்க் கரையின் படகு எஞ்சின்களுக்கு அது பெரிய அடி. தடைக்காலத்தில் காரை ஓட்டிய எண்ணெய், சமாதான காலத்தில் படகை நிறுத்தியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இன்று ஒரு கொக்கிளாய்க் குடும்பம் டீசல் ஓட்டோ வாகன் வாங்க நினைத்தால் கிடைப்பது இருபது, முப்பது ஆண்டு பழையது; ஹெட் வெடிப்பும் தேய்ந்த பம்பும் கியர்ப் பெட்டி வழுக்கலும் காத்திருக்கும். வாங்க வேண்டாம் என்பதே நேர்மையான ஆலோசனை. அந்த வண்டிக்கு ஏற்ற காலம் ஒன்று இருந்தது. கொக்கிளாய் இல்லாமலே அது கடந்துவிட்டது.

கொலையும் வெளியேற்றமும் நடந்த ஊரைப் பற்றி எழுதும்போது காரைப் பற்றி எழுதுவது அற்பமல்லவா என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கொல்லப்பட்டோரின் கணக்கை எழுதுவது முதற் கடமை. அதைச் செய்துவரும் பலர் இருக்கிறார்கள். ஆனால் உயிரோடு தப்பியவர்கள் இழந்ததில் பெரும்பகுதி சாதாரண ஆண்டுகள். பிரசவ வலி எடுத்த பெண்ணை இரவில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோகும் வண்டி, கருவாட்டை வவுனியாச் சந்தைவரை நேரே கொண்டுபோய் இடைத்தரகரைத் தவிர்க்கும் வண்டி: இவை அந்த ஆண்டுகளின் உள்ளடக்கம். நாட்டின் மற்றவர்களுக்குக் கிடைத்து இவர்களுக்குக் கிடைக்காத பொருள்களைப் பெயர் சொல்லி எழுதினால்தான் இழப்பு எவ்வளவு என்பது அளக்கக்கூடியதாகும்.

அந்த எழுத்துக்கு வேண்டிய ஆதாரம் வேகமாக அழிகிறது. முல்லைத்தீவிலும் புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் தடைக்காலத்தில் கராஜ் நடத்திய மெக்கானிக்குமார் இன்று முதியவர்கள். எந்த எஞ்சினுக்கு எந்த அளவில் எண்ணெய் கலந்தார்கள், காபரேற்றரில் எந்தத் துளையை மாற்றினார்கள், 2002இல் முதலில் வந்த டீசல் வண்டி எது, அதை யாரிடம் கற்றுத் திருத்தினார்கள், 1984க்கு முன் கொக்கிளாயில் யார் வீட்டில் என்ன வண்டி நின்றது என்பவை அவர்கள் நினைவிலும் சில பழைய பதிவுப் புத்தகங்களிலும் மட்டுமே இருக்கின்றன. வன்னியில் ஆய்வு செய்யும் மாணவர்களும் உள்ளூர் நூலகங்களும் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, இயந்திரத்தின் பெயர், ஆண்டு, ஊர் ஆகியவற்றோடு இப்போதே பதிந்துவைக்க வேண்டும்.